நாலு துண்டுத் துணி... அரை மணி நேர நிம்மதி!

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள். கரை கிழிந்த சுங்குடிப் புடவை ஒன்று இருக்கும். சின்னவனுக்குப் பத்தாமல் போன யூனிஃபாம் சட்டை, கல்யாணத்துக்கு முந்தி தைத்த சுடிதார், மாமனாரின் பழைய வேட்டி, ஜாக்கெட்டோடு சேர்த்து டெய்லர் சுருட்டிக் கொடுத்த வெட்டுத் துணி... எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. ஒரு காலத்தில் தெருவில் பாத்திரக்காரர் குரல் கேட்டால், நாலு புடவையைக் கொடுத்து ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கிவிடலாம். இப்போது அந்தக் குரலும் அபூர்வமாகிவிட்டது.

அந்த மூட்டையிலிருந்து அழகான ஒரு போர்வை பிறக்கும் என்றால்? கூடவே உங்கள் மனசுக்கு நாளுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கும் என்றால்?

"அட போங்க! மூச்சு விடவே நேரமில்ல, இதுல போர்வை வேற தைக்கணுமா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நேரமில்லாதவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையே!

உங்க ஷிஃப்ட் எப்போ முடியும்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம்... இந்த வட்டாரத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாராக ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. கண்ணாடி, டயர், மோட்டார் சைக்கிள், செல்போன் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. வல்லம் வடகாலில் 2024-ல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இங்கே வீட்டுக் கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுவதில்லை, கம்பெனி பஸ்ஸைப் பார்த்து ஓடுகிறது. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். அண்ணனுக்குக் காலை ஷிஃப்ட். சின்னவளுக்கு எட்டரைக்கு ஸ்கூல் வேன். மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை. ஒரே வீட்டில் மூன்று முறை சாப்பாட்டுத் தட்டு வைத்து, மூன்று முறை எடுக்க வேண்டும். நடுவில், "ஷ்... அப்பா தூங்குறார், சத்தம் போடாதே!"

எல்லாருடைய ஷிஃப்டுக்கும் ஒரு முடிவு நேரம் உண்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் ஷிஃப்ட் எப்போது முடிகிறது? அவளும் கம்பெனிக்குப் போகிறவள் என்றால், ஒரு ஷிஃப்ட் முடிந்த கையோடு அடுத்தது ஆரம்பம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள். அதே வேலையில் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள்.

கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! இதில் உங்களுக்கென்று எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? "டி.வி. பார்க்கிறேனே" என்பீர்கள். அதையும் கீரை ஆய்ந்துகொண்டேதானே பார்க்கிறீர்கள்?

ஒட்டுத்துணிப் போர்வையில் ஒரு சௌகரியம் உண்டு. அல்வா கிளறும்போது பாதியில் எழுந்து போனால் அடிபிடித்துவிடும். கோலத்தைப் பாதியில் விட்டால் அவ்வளவுதான். போர்வை அப்படியில்லை. குக்கர் விசில் அடித்தால் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் போகலாம். அஞ்சு நிமிஷமோ, அஞ்சு நாளோ கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே அது காத்திருக்கும். அடிக்கடி எழுந்து ஓட வேண்டிய பெண்களே உலகமெங்கும் இதைக் கையில் எடுத்தார்கள் என்றால் ஆச்சரியம் இல்லையே!

கந்தையும் காந்தாவும்

'கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். அந்தக் 'கந்தை'யும், வங்காளத்தின் புகழ்பெற்ற 'காந்தா' போர்வையும் உறவுச் சொற்கள்! இரண்டுக்கும் வேர் ஒரே சமஸ்கிருதச் சொல். பழைய புடவைகளை அடுக்கி, சின்னச் சின்ன ஓட்டுத் தையலால் பிணைத்து வங்காளப் பெண்கள் செய்வதுதான் காந்தா.

பக்கத்துக் கர்நாடகத்தில் இதற்குப் பெயர் 'கவுதி'. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்களின் போர்வைகள் இன்னும் விசேஷம். ஆப்பிரிக்காவிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். போர்வையின் மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து 'பூ' வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமையாகும்.

நம்ம ஊரில் மட்டும் என்ன? இரண்டு பழம்புடவையைச் சேர்த்து ஓரம் அடித்த பாட்டியின் போர்வையில் படுத்தவர்கள்தானே நாம்! ஒட்டு வேலையும் நமக்குப் புதிதில்லை. கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கலர் கலராகத் துணியை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்தவை அவை.

இந்த வெயிலில் போர்வையா?

நியாயமான கேள்விதான். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் குளிர் மாதங்களில் ராமானுஜருக்கே கம்பளி சாத்துகிறார்கள். ஆனால் மார்கழி, தை போனால் நமக்கு ஃபேன் காற்றே போதவில்லை!

அதனால் உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம். முன்பக்கம் ஒட்டுத்துணி, பின்பக்கம் பழைய காட்டன் புடவை என்று இரண்டே அடுக்கு போதும். பலமுறை துவைத்த பருத்தி மெத்தென்று இருக்கும், வியர்வையை உறிஞ்சும். ஏ.சி. கம்பெனி பஸ்ஸில் போகும் மகளுக்கும், தரையில் படுக்கும் தாத்தாவுக்கும், ஊருக்குப் போகும் பைக்கும் இது தோது.

இன்னொரு உபயோகம் இருக்கிறது. ஷிஃப்ட் குடும்பங்களுக்கு அதுதான் முக்கியம்.

நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் பகலில் தூங்க வேண்டும். ஆனால் நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம்! கண்ணில் வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. 'பகல்தான், எழுந்திரு' என்று மூளை சொல்கிறது. அவர் புரண்டு புரண்டு படுப்பதற்கும், எழுந்ததும் எரிந்து விழுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இங்கே வாடகை அறைகளின் ஜன்னல்களில் பெரும்பாலும் மெல்லிய கர்ட்டன்தான் இருக்கும். நியூஸ் பேப்பர் ஒட்டியிருப்பவர்களும் உண்டு. அதற்குப் பதில், கருநீலம், மெரூன், கருப்பு, காப்பிப்பொடி நிறம் என்று அடர்த்தியான துணிகளை மட்டும் சேர்த்து மூன்றடுக்காக ஒரு சின்னப் போர்வை தையுங்கள். மேல் ஓரத்தை மடித்துக் கர்ட்டன் கம்பி நுழையுமளவு தைத்துவிட்டால் ஜன்னலில் மாட்டிவிடலாம். ஜன்னல் சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் அதிகமாக இருக்கட்டும். ஓரத்தில் வெளிச்சம் கசியாது. காற்று வர வேண்டுமே? வெயில் படாத பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேனைப் போடுங்கள்.

வீட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் நீங்களா? அப்படியானால் முதல் ஜன்னல் போர்வை உங்களுக்குத்தான். மற்றவர்கள் தூங்க வழி செய்துவிட்டு, 'நான் அப்புறம் படுத்துக்கறேன்' என்ற பேச்சே கூடாது!

எதை எடுக்கலாம், எதை விடலாம்?

முதலில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை இழையாகத் தெரிந்தால் தையல் நிற்காது. அதைத் தூசி துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பார்த்துக் கிழியாமல் இருந்தால் எடுக்கலாம்.

காட்டன் புடவை, வேட்டி, லுங்கி, பள்ளிச் சட்டை, பழைய படுக்கை விரிப்பு எல்லாம் நல்லவை. பட்டு, ஜார்ஜெட், நைலக்ஸ் ஆகியவற்றைப் பருத்தியோடு கலக்காதீர்கள். துவைக்கும்போது ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. போர்வை கோணிக்கொள்ளும். பனியன் துணி இழுபடும், ஆரம்பத்தில் வேண்டாம். பாலியெஸ்டர் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குத்துவிளக்கு, கேஸ் அடுப்பு பக்கத்தில் உபயோகிக்கும் எதற்கும் அது கூடவே கூடாது.

கம்பெனி யூனிஃபாம் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை. ஆபீஸ் பக்கம் உட்காருபவரின் சட்டை என்றால் பரவாயில்லை. மெஷினில் நிற்பவரின் சட்டையில் கிரீஸ், கூலன்ட் எண்ணெய், பெயின்ட், உலோகத் துகள் எல்லாம் இழைக்குள் ஊறியிருக்கும். துவைத்தாலும் முழுசாகப் போகாது. அது ராத்திரி முழுக்க முகத்தோடும் மூக்கோடும் உரச வேண்டுமா? குழந்தைகள் வேறு வாயில் வைத்துச் சப்புவார்கள். அத்தகைய உடைகளைத் தினமும் தனியாகத் துவைப்பதே நல்லது. போர்வைக்குச் சேர்க்காதீர்கள். 'மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையா கிடக்கு, கொஞ்சம் எடுத்துட்டு வரவா?' என்று அவர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட் பாஸ் இல்லாமல் ஒரு துண்டுத் துணி வெளியே வந்தாலும் வீண் வம்பு!

துணி பத்தவில்லையா? தெருமுனை டெய்லரிடம் கேளுங்கள். ஜாக்கெட் தைத்த மிச்சம் தினமும் கூடை நிறைய விழும்.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைக்க வேண்டும். பரணில் பல வருஷம் கிடந்த துணியில் தூசுப்பூச்சி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சியின் கழிவுதான் பலருக்குத் தும்மலையும் வீசிங்கையும் தூண்டிவிடுகிறது. 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைத்தால் பூச்சி சாகும். வாஷிங் மெஷின் இல்லாதவர்கள் நல்ல கொதிநீரில் அரை மணி ஊறப்போட்டுக் கசக்கலாம். சாயம் போகும் துணியைத் தனியாக ஊறவையுங்கள். பிறகு சுள்ளென்ற வெயிலில் காயப்போடுங்கள். வெயிலுக்குத்தான் நம் ஊரில் பஞ்சமே இல்லையே!

ஒரு மண்டலக் கணக்கு

இப்போது தையல். மிஷின் இருந்தால் சீக்கிரம் முடியும். இல்லாவிட்டாலும் ஊசி நூல் போதும். கணக்கை மட்டும் ஒருமுறை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டையில் ஐந்தரை அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் அளவு. அதைத் துணிமேல் வைத்து டெய்லர் சாக்பீஸால் கோடு போட்டு வெட்ட வேண்டும். நாலு சதுரத்தை இரண்டிரண்டாக, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் பத்து அங்குலத்தில் ஒரு கட்டம் கிடைக்கும். குறுக்கே ஐந்து, நெடுக்கே எட்டு என்று 40 கட்டம் சேர்த்தால் 50 அங்குல அகலம், 80 அங்குல நீளம். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம்.

நாளுக்கு ஒரு கட்டம், அதாவது நாலே துண்டு. 40 நாளில் 40 கட்டம். அப்புறம் எட்டு நாள் கட்டங்களை வரிசையாக இணைப்பதற்கு. ஆக 48 நாள், ஒரு மண்டலம்! விரதம் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். நடுவில் ஒரு நாள் விருந்தாளி வந்துவிட்டால்? தோஷமில்லை, மறுநாள் தொடரலாம்.

பின்பக்கத்துக்கு ஐந்தரை மீட்டர் புடவை ஒன்று. அதை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 54 அங்குலம் வரும். இரண்டு துண்டைக் கரையோடு கரை சேர்த்து இணைத்தால் பின்பக்கத்துக்குப் போதும். மிச்சமுள்ள இரண்டை அதேபோல் இணைத்தால் நடு அடுக்கு தயார். லேசாக வேண்டுபவர்கள் நடு அடுக்கை விட்டுவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து, பின்துணி கீழே, ஒட்டுத்துணி மேலே என்று சுருக்கமில்லாமல் பரப்புங்கள். பெரிய தையலாக நூல் ஓட்டி இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, நாலு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டுத் தையல். கடைசியில் பின்துணியின் ஓரத்தை முன்னால் மடித்து ஹெம்மிங் செய்தால் முடிந்தது. நாலு மூலையிலும் சித்திப் பெண்கள் மாதிரி ஒரு பூ வைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

இந்த வேலையை நீங்கள் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? லீவு நாளில் அவர் அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டட்டும். அங்குலக் கணக்கு கம்பெனியில் பழகிய கைதானே! சின்னவள் கலர் வாரியாகப் பிரிக்கட்டும். பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது பேரனின் வேலை. ஆளுக்கொரு ஷிஃப்டில் இருப்பவர்கள் ஒன்றாக உட்காராவிட்டாலும், ஒவ்வொருவர் கையும் அதில் பட்டிருக்கும்.

மனசுக்கு என்ன லாபம்?

அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற மனோதத்துவப் பேராசிரியையின் குழு, 60 வயது தாண்டியவர்களிடம் ஓர் ஆராய்ச்சி செய்து 2014-ல் வெளியிட்டது. சிலருக்குப் புதிதாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு டிஜிட்டல் கேமரா. சிலருக்கு இரண்டும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். வெறுமனே கூடிப் பேசிப் பொழுது போக்கியவர்களைவிட, இப்படிப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்களின் ஞாபக சக்தி முன்னேறியிருந்தது. கேமரா கற்றவர்களிடம் பலன் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆக, மூளைக்கு வேண்டியது புதிதாக ஒன்றைக் கற்கும் உழைப்பு. அளவெடுத்து, கணக்குப் போட்டு, கலர் பொருத்தம் பார்த்துத் தைக்கும்போது அது கிடைக்கிறது. 'வயசாயிடுச்சு, இனிமே என்னத்தைக் கத்துக்க' என்று சலித்துக்கொள்ளும் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்!

2013-ல் வெளியான இன்னொரு ஆய்வில், கம்பளிநூல் பின்னும் 3,545 பேரிடம் கேள்வி கேட்டார்கள். அடிக்கடி பின்னுபவர்கள் அதிக அமைதியும் சந்தோஷமும் உணர்வதாகச் சொன்னார்கள். கை ஒரே சீராக அசையும்போது மனசும் சீராகிறது என்பதைப் பூத்தொடுக்கும் நம் பெண்களிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஊசி நூல் மருந்தாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்தால் டாக்டரைப் பாருங்கள். டெலி-மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கழுத்து, கண், கை... ஜாக்கிரதை!

போர்வை தைக்கப் போய்க் கழுத்து வலியை வாங்கிக்கொண்டால் என்ன பிரயோஜனம்?

கழுத்து: குனிந்து மடியில் வைத்துத் தைக்காதீர்கள். சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் துணி. வேலை கண்ணருகே வர வேண்டும், கழுத்து வேலையைத் தேடிப் போகக் கூடாது. அரை மணிக்கு மேல் ஒரே இருப்பாக இருக்காதீர்கள்.

கண்: பகல் வெளிச்சத்தில் தைப்பது உத்தமம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தி, இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். நாற்பது தாண்டியவர்களுக்கு ஊசிக் காது தெரியாவிட்டால் அது சாளேசுரம். கண்ணாடி போட்டுக்கொள்வதில் வெட்கமென்ன?

கை: ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வரும். தையலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊசி: எத்தனை ஊசி எடுத்தோம், எத்தனை வைத்தோம் என்று எண்ணியே ஆக வேண்டும். ஒரு சின்னக் காந்தம் டப்பாவில் இருந்தால் தரையில் விழுந்ததைத் தேடலாம். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இரட்டைக் கவனம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஊசி குத்தியதே தெரியாது. அது புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். அவர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொள்ளட்டும். ஊசி உடைந்து உள்ளே தங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகிவிட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

யாருக்குப் போர்த்தக் கூடாது?

"பேத்திக்குத்தான் முதல் போர்வை!" என்று ஆசைப்படும் பாட்டிகளே, கொஞ்சம் பொறுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வை, குவில்ட், தலையணை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் கண்டிப்பான அறிவுரை. முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து, உடம்புக்கேற்ற சட்டை போட்டால் போதும். குழந்தை முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் போர்வையைத் தரையில் விரித்துத் தவழ விடுங்கள். கலர் கலரான கட்டங்களைத் தட்டித் தட்டி விளையாடும்.

ஆஸ்துமா உள்ளவர்களின் போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். பஞ்சு வைக்காமல் தைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். சீக்கிரம் துவைக்கலாம், சீக்கிரம் காயும்.

வேலைச் சட்டையின் கதை

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வயலில் உழைத்துக் கிழிந்த வேலை உடைகளையே அந்தப் பெண்கள் போர்வையாகத் தைத்தார்கள். சுவர் இடுக்கில் காற்று நுழையும் மர வீடுகளில் குழந்தைகள் குளிரில் நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கவலை. 2002-ல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் சுவரில் ஏறின. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை தபால் தலையே வெளியிட்டது!

அந்தப் போர்வைகளில் ஒன்று 1942-ல் மிசூரி பெட்வே என்ற பெண் தைத்தது. கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் போட்டு உழைத்த உடைகளை எடுத்து, நல்ல பாகங்களை வெட்டிச் சேர்த்து ஒரு போர்வை செய்தார். அவரை நினைத்துக்கொண்டு, அதைப் போர்த்திக்கொள்வதற்காக.

நம் வழக்கத்தில் போனவரின் துணியை வீட்டில் வைப்பதில் தயக்கம் உண்டு. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். ஆனால், இருப்பவர்களின் துணிக்கு என்ன தயக்கம்? மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவை, மகன் பத்தாவது பரீட்சைக்குப் போட்டுப் போன சட்டை, அவர் கம்பெனியில் சேர்ந்த நாளில் இன்டர்வியூவுக்காகத் தைத்த சட்டை... எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்காராத வீட்டில், எல்லாருடைய துணியும் ஒரே போர்வையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அதைவிட முக்கியம், அந்த அரை மணி நேரம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த நேரமாக வேண்டும். "மூணு மணிக்கு அம்மா தையல்ல இருப்பா, காப்பி நீங்களே கலந்துக்கங்க" என்று ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் முகம் சுளிப்பார்கள். நாலாம் நாள் சர்க்கரை டப்பா எங்கே என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். போர்வை முடிந்த பிறகும் அந்த அரை மணியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்!

இன்றைக்கு முழுப் போர்வையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்தரை அங்குல அட்டை ஒன்று, நாலு துண்டுத் துணி, ஓர் ஊசி. குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு பக்கத் தையலாவது முடிந்துவிடும்.